வண்ணப்படம் சொல்லாத ஒளி அளவு

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த முதற் படங்கள் 2022-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளியாயின. அவற்றுள் பொதுமக்களின் உள்ளத்தை மிகுதியும் கவர்ந்தது, கேரினா நெபுலா என்னும் வாயு முகிலின் ஓர் ஓரத்தைக் காட்டும் படமாகும். கீழே செம்பழுப்பு நிறத்தில் மலைத்தொடர் போன்ற தூசுத் திரள். மேலே நீல வானம் போன்ற பின்புலம். எங்கும் சிதறிக்கிடக்கும் விண்மீன்கள். அண்டவெளியின் செங்குத்துப் பாறைகள் என்னும் பொருள்பட இதற்குப் பெயரிட்டனர். 7,600 ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள இக்காட்சி இன்று நாட்காட்டிகளிலும் நூல் அட்டைகளிலும் பள்ளிச் சுவர்களிலும் இடம்பெற்றுவிட்டது.

படம் அழகானது, ஐயமில்லை. ஆனால் அறிவியற் படம் என்று மாணவர் முன் வைக்கப்படும் ஒன்றை அழகை மட்டும் கொண்டு மதிப்பிடலாகாது. இப்படத்தில் ஆயிரக்கணக்கான விண்மீன்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றின் ஒளி அளவைக்கூட இப்படத்திலிருந்து அறிய இயலாது. அவ்வாறு அறிய இயலாது என்பதைப் படத்துடன் வந்த குறிப்பும் எடுத்துச் சொல்லவில்லை. வானியலில் ஒளி அளவு என்பது சில்லறைச் செய்தி அன்று. விண்மீனின் தொலைவு, அதன் ஆற்றல், பேரண்டம் விரியும் வேகம் ஆகிய அனைத்தும் அந்த ஓர் எண்ணிலிருந்தே பிறக்கின்றன. எண்ணை மறைத்துவிட்டு ஓவியத்தை மட்டும் காட்டுவது, நிலத்தின் பட்டாவைக் கேட்டவரிடம் தோட்டத்தின் புகைப்படத்தை நீட்டுவது போன்றது.

இத்தகைய படங்களைக் குறை கூறுவோர் வழக்கமாக வேறொன்றைச் சொல்வர். "இவை பொய் வண்ணங்கள்; கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிருக்கு ஏது நீலமும் மஞ்சளும்?" என்பர். இக்குறையை நான் ஏற்பதில்லை. கேரினா படத்துக்கு ஆறு ஒளிவடிகட்டிகள் பயன்பட்டன. அவற்றின் அலைநீளங்கள் ஏறத்தாழ 0.9 மைக்ரானில் தொடங்கி 4.7 மைக்ரானில் முடிவடைகின்றன. குறுகிய அலைக்கு நீலமும் நெடிய அலைக்குச் சிவப்பும் எனப் பொதுவான வரிசை கெடாமல் நிறம் கொடுத்துள்ளனர். ஐந்து கட்டைச் சுருதியில் பாடிய பாட்டை இரண்டு கட்டையில் பாடினாலும் இராகம் மாறுவதில்லை அன்றோ? எந்த வடிகட்டிக்கு எந்த நிறம் என்ற பட்டியலையும் தொலைவுக்கான அளவுகோலையும் படத்தின் மற்றொரு பதிப்பில் வெளியிட்டும் உள்ளனர். இந்த அளவுக்கு அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிலையத்தார் நேர்மையாகவே நடந்துகொண்டுள்ளனர்.

குறை நிறத்தில் இல்லை, வெளிச்சத்தில் உள்ளது. தொலைநோக்கி அனுப்பும் எண்களை அப்படியே திரையில் இட்டால் படம் அநேகமாகக் கறுப்பாகவே தெரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள் மின்னும். காரணம் எளிது. ஒளிமிக்க விண்மீனுக்கும் மங்கலான வாயுவுக்கும் இடையே பல்லாயிரம் மடங்கு வேறுபாடு உண்டு. சாதாரணப் படக் கோப்போ ஒரு நிறத்துக்கு 256 படிகள் மட்டுமே கொண்டது. ஆகவே மங்கலானவற்றைத் தூக்கியும் ஒளிமிக்கவற்றை அமுக்கியும், மடக்கை அளவுகோலை ஒத்த ஒரு முறையில் எண்களை மாற்றுகின்றனர். தவிலின் முழக்கத்தையும் சுருதிப் பெட்டியின் ரீங்காரத்தையும் ஏறக்குறைய ஒரே உரப்பில் ஒலிக்கச் செய்வதற்கு இது ஒப்பாகும். வாயு முகிலின் வடிவைக் காண இதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே செய்தது தவறன்று. எந்த விகிதத்தில் தூக்கினர், எந்த விகிதத்தில் அமுக்கினர் என்ற குறிப்பு எங்கும் இல்லை என்பதே குறை. நிறத்துக்குப் பட்டியல் உண்டு, நீளத்துக்கு அளவுகோல் உண்டு, ஒளிக்கு ஒன்றுமில்லை.

இவ்வகைப் படங்களில் இன்னொரு விந்தையும் உண்டு. ஒளி மிகுந்த விண்மீனின் நடுப்பகுதியில் உணர்கருவி விரைவிலேயே நிரம்பி வழிந்துவிடுகிறது. அளவு கிடைக்காத அவ்விடம் மூலக் கோப்பில் வெற்றிடமாகவே குறிக்கப்படுகிறது. அப்படியே காட்டினால் விண்மீனின் நடுவில் ஒரு கரும்புள்ளி தெரியும், பார்ப்பவர் மிரள்வர். எனவே அவ்விடத்தை வெண்மையால் நிரப்பிவிடுகின்றனர். படத்தில் மிகப் பளிச்சென்று தோன்றும் இடம், எந்த அளவும் இல்லாத இடமாக இருக்கக்கூடும்!

கழித்தலே அளத்தல்

அப்படியானால் விண்மீனின் ஒளியை எவ்வாறுதான் அளக்கின்றனர்? செயல் முறை, கேட்பதற்கு மிக எளியது. படம் என்பது சிறு சிறு கட்டங்களால் ஆனது. பிக்சல் எனப்படும் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் உள்ளது. விண்மீனைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து உள்ளிருக்கும் எண்களைக் கூட்ட வேண்டும். ஆனால் அக்கூட்டுத்தொகையில் விண்மீனின் ஒளி மட்டும் இல்லை. பின்னணி வானத்தின் ஒளியும் கலந்திருக்கிறது. அதைத் தனியே மதிப்பிட்டுக் கழிக்க வேண்டும். இதற்காகச் சற்றுத் தள்ளி ஒரு வளையம் வரைந்து, அதிலுள்ள கட்டங்களின் இடைநிலை அளவைக் கொள்வர். சராசரியைக் கொள்ளாததற்குக் காரணம், வளையத்தினுள் வேறொரு விண்மீன் அகப்பட்டால் சராசரி ஏறிவிடும். இடைநிலை அளவு அவ்வளவு எளிதில் அசையாது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். வட்டத்தின் ஆரம் 8 கட்டங்கள். உள்ளே ஏறத்தாழ 200 கட்டங்கள். எல்லாவற்றையும் கூட்ட 12,000 வருகிறது. பின்னணி கட்டத்துக்கு 40 என்றால் கழிக்க வேண்டியது 8,000. விண்மீனுக்கு மிஞ்சுவது 4,000. பின்னணியை 40 என்பதற்குப் பதில் 42 என்று மதிப்பிட்டால்? கழிக்க வேண்டியது 8,400, மிஞ்சுவது 3,600. பின்னணியில் ஐந்து விழுக்காடு பிசகியதும் விண்மீனில் பத்து விழுக்காடு பிசகிவிட்டது. அகச்சிவப்பு வானியலின் தொல்லை முழுவதும் இக்கணக்கில் அடங்கியிருக்கிறது. ஏனெனில் அகச்சிவப்பில் பின்னணி மிகப் பெரிது. மங்கலான விண்மீன் அதன் மேல் ஒரு சிறு குமிழ்.

பின்னணி ஏன் பெரிது? அறை வெப்பநிலையில் உள்ள எப்பொருளும் 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி மிகுதியாகக் கதிர் வீசுகிறது. வானம் வீசுகிறது, தொலைநோக்கியின் ஆடியும் வீசுகிறது, அருகில் நிற்கும் மனிதனும் வீசுகிறான். இரண்டு மைக்ரான் அளவிலோ, மேல் வளிமண்டலத்தில் உள்ள ஹைட்ராக்சில் மூலக்கூறுகளின் ஒளிர்வு தொல்லை தருகிறது. அதுவும் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. வெப் தொலைநோக்கியைப் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் வெயில்மறைப்பின் பின்னே நிறுத்தி, அதன் ஆடியைச் சுழிக்குக் கீழ் 220 பாகை செல்சியஸ் அளவில் குளிர்ச்சியாக வைத்திருப்பது இக்கழித்தலின் சுமையைக் குறைக்கத்தான்.

பின்னணியைக் கழித்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. வெப்பின் ஆடி 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது. அதனால் விண்மீனின் ஒளி ஆறு பெரிய கதிர்முனைகளாகவும் இரண்டு சிறியவையாகவும் வெளியே சிதறுகிறது. வண்ணப்படத்தில் நாம் வியக்கும் அந்த அழகிய முனைகள், அளப்பவருக்கு வட்டத்தை விட்டு ஓடிப்போன ஒளி. கணக்கில் திரும்பச் சேர்க்கப்பட வேண்டிய பாக்கி.

எண்களாலேயே ஆன ஒரு நூல்

படமே இல்லாமல் வானியல் வளர்ந்த காலமும் உண்டு. கெர்ரி நாய்கபார், ராபர்ட் லைட்டன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1960-களில் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையில் ஒரு தொலைநோக்கி அமைத்தனர். அதன் 62 அங்குல ஆடி கண்ணாடியைத் தேய்த்துச் செய்யப்பட்டதன்று. எபாக்சிப் பிசினைச் சுழற்றிக்கொண்டே இறுகவிட்டு வார்த்த மலிவான ஆடி! ஈய சல்ஃபைடு உணரிகளைக் கொண்டு, இரண்டு மைக்ரான் அலைநீளத்தில் வானத்தைப் பட்டை பட்டையாக அலசினர். 1969-இல் வெளிவந்த அவர்களுடைய அட்டவணையில் 5,612 பொருள்கள் உள்ளன. மயக்கும் படங்கள் அதில் இல்லை. இடமும் ஒளித்தரமும் வரிசை வரிசையாக உள்ளன. திருவாதிரை போன்ற சிவந்த விண்மீன்கள் அகச்சிவப்பில் எவ்வளவு ஓங்கி நிற்கின்றன என்பது அவ்வெண்களில் பளிச்சென்று தெரிந்தது. கண்ணால் பார்க்கையில் திருவாதிரையின் ஒளித்தரம் 0.5-ஐ ஒட்டியது, இரண்டு மைக்ரானில் அது சுழிக்குக் கீழ் 4. ஒளித்தரம் ஒன்று குறைந்தால் ஒளி ஏறத்தாழ இரண்டரை மடங்கு கூடும் என்பதை நினைவிற் கொண்டால் வேறுபாட்டின் பெருமை விளங்கும்.

பின்னர் 1997 முதல் 2001 வரை அரிசோனாவிலும் சிலி நாட்டிலும் நிறுவிய இரண்டு 1.3 மீட்டர் தொலைநோக்கிகள் வானம் முழுவதையும் மூன்று அகச்சிவப்புப் பட்டைகளில் படமெடுத்தன. அதன் பயனாக 47 கோடிக்கு மேற்பட்ட புள்ளிப் பொருள்களின் ஒளித்தரங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் பிழை வரம்பும் அச்சாகியிருக்கிறது. அளவையும் பிழையையும் இணைத்தே சொல்லும் இந்த ஒழுக்கம்தான் வண்ணப்படங்களின் உலகில் காணாமற்போகிறது.

எதனுடன் ஒப்பிட்டு அளப்பது என்ற கேள்வியும் சிறிதன்று. நெடுங்காலமாக வேகா, அதாவது நம் முன்னோர் அபிஜித் என்றழைத்த விண்மீனின் ஒளித்தரத்தையே சுழியாகக் கொண்டனர். 1983-இல் ஐராஸ் என்னும் அகச்சிவப்புத் துணைக்கோள் தன் கருவிகளைச் சரிபார்க்க வேகாவை நோக்கிற்று. 25 மைக்ரானிலும் அதற்கு நெடிய அலைகளிலும் வேகா எதிர்பார்த்ததைவிட மிகுந்த ஒளியுடன் காணப்பட்டது. கருவியில் கோளாறு என்று தள்ளிவிடாமல் ஆமன், கில்லட் என்னும் அறிஞர்கள் ஆராய்ந்தனர். வேகாவைச் சுற்றி ஒரு தூசு வட்டம் இருப்பதும், விண்மீனின் வெப்பத்தை வாங்கி அதுவே கதிர் வீசுவதும் புலனாயின. எடைக்கல்லே எடை கூடியிருந்தது! பிற விண்மீன்களைச் சுற்றிக் கோள்கள் தோன்றும் தூசு வட்டங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இந்த நிகழ்ச்சி வழி திறந்தது. ஒரு கூட்டல் கழித்தல் கணக்கு ஒட்டாமற் போனதால் கிடைத்த செல்வம் இது. இப்போது வெப்புக்கு ஒரே விண்மீனை நம்புவதில்லை. வெப்பம் மிக்க வெள்ளைக் குறளி விண்மீன்கள், வேகாவை ஒத்த விண்மீன்கள், சூரியனை ஒத்தவை என மூன்று வகையினவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்க்கின்றனர்.

வெப்பின் முதல் வாரங்களிலேயே இதற்கான தேவை தெரியவந்தது. ஏவுமுன் தரையில் மதிப்பிட்ட மாற்றெண்களைக் கொண்டே தொடக்கத்தில் ஒளி அளவுகள் கணிக்கப்பட்டன. 2022 ஜூலை இறுதியில், வானில் அளந்து பெற்ற புதிய மாற்றெண்கள் வந்தன. சில உணரிகளில் வேறுபாடு பத்து விழுக்காட்டையும் தாண்டியது. மிகத் தொலைவிலுள்ள விண்மீன் திரள்களைக் கண்டதாக அவசர அவசரமாக எழுதப்பட்ட கட்டுரைகள் சிலவற்றில் கணக்குகளைத் திரும்பப் போட வேண்டியதாயிற்று. அதே வாரங்களில் உலகெங்கும் பரவிய வண்ணப்படங்களோ இதனால் பாதிக்கப்படவே இல்லை. பத்து விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் எவர் கண்ணுக்கும் தெரியாத வகையில்தான் அவை ஆக்கப்பட்டிருக்கின்றன.

சிறந்த படம் எது?

வெப் தந்த படங்களுள் மிகச் சிறந்தது எது என்று கேட்டால், கேரினாவை நான் சொல்லமாட்டேன். 2024 மார்ச்சில் வெளியான ஒரு சிறு இணைப்படத்தையே சொல்வேன். பக்கத்தில் பக்கமாக இரண்டு சதுரங்கள். இரண்டிலும் தெரிவது கட்டம் கட்டமான கறைகள். குழந்தை அடுக்கிய சீட்டுகள் போல் இருக்கும். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பெரும் வழக்கின் சான்றுப் பொருள் அது.

வழக்கு இதுதான். பேரண்டம் விரிகிறது என்பதை வாசகர்கள் அறிவர். விரியும் வேகத்தை இரு வழிகளில் கணிக்கலாம். பேரண்டத்தின் இளமைக்காலத்து எச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சை அளந்த பிளாங்க் துணைக்கோளின் வழியில், பத்து லட்சம் பார்செக் தொலைவுக்கு நொடிக்கு 67.4 கிலோமீட்டர் எனக் கிடைக்கிறது. ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டாகும். மற்றொரு வழி, செபீடு என்னும் மாறொளி விண்மீன்களைக் கொண்டு படிப்படியாகத் தொலைவை அளந்து செல்வது. செபீடு ஒன்றின் ஒளி கூடிக் குறையும் கால இடைவெளி தெரிந்தால் அதன் உண்மையான ஒளி தெரியும் என்று ஹென்றியெட்டா லெவிட் 1912-இல் காட்டினார். உண்மை ஒளியையும் நமக்குத் தெரியும் ஒளியையும் ஒப்பிட்டால் தொலைவு கிடைத்துவிடும். ஆடம் ரீஸ் குழுவினர் ஹப்பிள் தொலைநோக்கி கொண்டு இவ்வழியில் 2022-இல் பெற்ற விடை ஏறத்தாழ 73. இரண்டு விடைகளுக்கும் பிழை வரம்புகள் சிறியவை. இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. இரண்டும் சரியென்றால் பேரண்டத்தைப் பற்றி நாம் கொண்டுள்ள கோட்பாட்டிலேயே ஏதோ விடுபட்டிருக்கிறது என்றாகும்.

ஐயப்பட்டோர் கை வைத்த இடம் விண்மீனின் ஒளி அளவே. செபீடுகளை அகச்சிவப்பில் அளப்பதற்கு நல்ல காரணம் உண்டு. இடையிலுள்ள தூசு, அகச்சிவப்பை மிகக் குறைவாகவே மறைக்கிறது. ஆனால் அந்த நன்மையுடன் ஒரு தீமையும் சேர்ந்து வருகிறது. செபீடுக்கு அக்கம்பக்கத்தில் உள்ள முதிர்ந்த செம்பூத விண்மீன்கள் அகச்சிவப்பில்தான் மிகவும் ஒளிர்கின்றன. ஹப்பிளின் அகச்சிவப்புப் படத்தில் ஒரு கட்டத்தின் பக்கம் 0.13 வில்விநாடி. வெப்பின் குறுகிய அலை உணரியில் 0.03 வில்விநாடி. ஹப்பிளின் ஒரு கட்டத்துக்குள் வெப்பின் கட்டங்கள் பதினாறுக்கு மேல் அடங்கும். ஹப்பிள் காணும் ஒரு கட்டத்தினுள் செபீடும் அதன் அண்டைவீட்டாரும் ஒன்றாகவே குடியிருப்பர். அண்டையாரின் ஒளியைக் குறைவாகக் கழித்திருந்தால் செபீடு உள்ளதைவிட ஒளிமிக்கதாகத் தோன்றும்; ஒளிமிக்கதெனில் அருகில் உள்ளதாகக் கொள்வோம்; அருகில் எனில் பேரண்டம் வேகமாக விரிவதாக விடை வரும். 67.4-க்கும் 73-க்கும் உள்ள வேறுபாட்டை இவ்வகையில் விளக்க எவ்வளவு பிசகு தேவை? சுமார் 0.17 ஒளித்தரம், அதாவது ஒளியில் 17 விழுக்காடு. மேலே நாம் போட்ட கற்பனைக் கணக்கை நினைத்தால் இது நடக்கவே முடியாதது என்று தள்ள இயலாது.

ரீஸ் குழுவினர் இதை அறியாதவர் அல்லர். கணினியில் செயற்கை விண்மீன்களைப் படத்தில் இட்டு, அவற்றை அளந்து, நெரிசலால் எவ்வளவு கூடுகிறதென்று பார்த்துக் கழித்தே வந்தனர். ஆயினும் கழித்தது சரிதானா என்பதை அதே படத்தைக் கொண்டு முடிவாக மெய்ப்பிக்க முடியாது. அதற்குக் கூரிய கண் வேண்டும். வெப்பின் 6.5 மீட்டர் ஆடி அதைத் தந்தது. சிறந்த அளவுகோலாகிய என்.ஜி.சி. 4258-உடன் வேறு ஐந்து விண்மீன் திரள்களும் சேர, ஆயிரத்துக்கு மேற்பட்ட செபீடுகளை வெப்பால் அளந்து ஹப்பிள் அளவுகளுடன் ஒப்பிட்டனர். இவற்றுள் மிகத் தொலைவிலுள்ள என்.ஜி.சி. 5468 சுமார் 13 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளது. இரண்டு அளவுகளுக்கும் இடையே சராசரி வேறுபாடு நூறில் ஒரு பங்கு ஒளித்தரமே. பிழை வரம்பு நூறில் மூன்று. தேவைப்பட்ட 0.17 எங்கும் காணோம். நெரிசல்தான் காரணம் என்ற விளக்கம் வீழ்ந்தது.

அந்த இணைப்படம் இந்த என்.ஜி.சி. 5468-இல் உள்ள ஒரு செபீடைக் காட்டுகிறது. ஹப்பிள் கண்டதில் அது அக்கம்பக்கத்துடன் கலந்து கிடக்கிறது. வெப் கண்டதில் தனித்து நிற்கிறது. பார்ப்பவருக்கு, "இந்த ஒளியில் எவ்வளவு இதனுடையது?" என்ற கேள்வி தானாகவே எழும். மாணவனுக்குள் சரியான கேள்வியை எழுப்புவதே அறிவியற் படத்துக்கு இலக்கணம் என்றால் இப்படம் தேறிவிட்டது, கேரினா தேறவில்லை. ஆனால் செய்தி வெளியிட்டோர் பலரும் முதலிடம் கொடுத்தது, அதே நாளில் வந்த என்.ஜி.சி. 5468-இன் சுருள் கைகளைக் காட்டும் பெரிய வண்ணப்படத்துக்குத்தான். இணைப்படத்திலும் ஒரு குறை இல்லாமல் இல்லை. செபீடைச் சுற்றி அளக்க எடுத்துக்கொண்ட எல்லை எது, இரண்டிலும் கழித்த பின்னணி எவ்வளவு என்று படத்தின் மேல் குறித்திருக்கலாம், குறிக்கவில்லை.

வழக்கு இன்னும் முழுதும் தீரவில்லை. சிகாகோவின் வெண்டி ஃப்ரீட்மன் குழுவினர், அதே வெப் தொலைநோக்கியால் செபீடுகளுடன் வேறு இரு வகைச் செம்மை மிக்க விண்மீன்களையும் பத்து விண்மீன் திரள்களில் அளந்து, சுமார் 70 என்னும் விடையை 2024-இல் அறிவித்தனர். இது பிளாங்க் விடையுடன் பெரிதாக முரண்படவில்லை என்பது அவர்கள் கருத்து. எடுத்துக்கொண்ட திரள்களின் எண்ணிக்கை குறைவாக இருப்பதே வேறுபாட்டுக்குக் காரணம் என்று ரீஸ் குழுவினர் மறுமொழி கூறினர். இரு தரப்பாரும் எதிர்த் தரப்பின் அட்டவணைகளை வரிவரியாகச் சரிபார்த்து வருகின்றனர். எந்தத் திரளில் எந்த விண்மீன், எந்த வடிகட்டியில் எத்தனை ஒளித்தரம், பிழை எவ்வளவு என்று. வெப்பின் மூலக் கோப்புகள் பொதுக் காப்பகத்தில் உள்ளன. தனியுரிமைக் காலம் முடிந்தவற்றை எவரும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். கேரினாவின் கோப்புகளும் அங்கே இருக்கின்றன. திறந்து பார்ப்பவருக்கு முதலில் தெரிவது கறுப்புத் திரைதான்.